சுரைக்காய் ஆகாத வீட்டின் மூத்த மகள்

சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தான் சேகர், என் அக்காவின் மகன். விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் என் சைக்கிள் கடை வாசலில் வந்து நின்றான். நான் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "பஞ்சரா? வுட்டுட்டுப் போடா, அப்பறமா வந்து எடுத்துக்க" என்றேன்.

அவன் போகவில்லை. "சைக்கிள் நல்லாதான் இருக்குது மாமா. அம்மா போயிட்டாங்க" என்றான்.

காலையில் எழுந்து எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று பெஞ்சில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சொல்லாமல் என் அக்கா கோலியனூருக்குக்கூடப் போனதில்லை. அதனால் முதலில் நான் நம்பவில்லை. பிறகு கடையைச் சாத்திவிட்டு, நல்ல நிலையில் இருந்த அந்தச் சைக்கிளை நானும் அவனும் இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்தோம். ஏறி மிதிக்க இரண்டு பேருக்கும் கால் வரவில்லை.

தனக்கோட்டி அம்மாளைத் தெரியாதவர்களுக்கு ஒரு அறிமுகம் செய்து வைக்க வேண்டியது தம்பி என்ற முறையில் என் கடமை. அரசாங்கக் கணக்கில் அவர் கிராமச் செவிலியர். மக்கள் கணக்கில் நர்சம்மா. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பிறந்த குழந்தைகளில் பாதிப் பேர் அக்காவின் கையில்தான் முதல் அழுகையை அழுதார்கள். மீதிப் பாதி, அக்கா வந்து சேர்வதற்குள் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டவர்கள். அவர்களில் பலர் இன்றுவரை அவசரக்காரர்களாகவே இருக்கிறார்கள், நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அக்கா விஷயத்தில் குறைத்துத்தான் சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் அக்கா. நடுவில் அண்ணன் ஆறுமுகம், நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். கடைசியில் நான், உலகத்துக்குக் கிடைத்த உபரி வருமானம். எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. எங்களுக்குக் குலதெய்வம் எது என்று தெரியாது.

இதை வேறு ஊர்க்காரர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடும். எங்கள் பக்கத்தில் குலதெய்வம் தெரியாத குடும்பம் என்றால் முகவரி இல்லாத வீடு மாதிரி. எங்கள் தாத்தா துலுக்காணம் கண்டமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ரயில்பாதை வேலைக்கு விழுப்புரம் வந்தவர். சொந்தக்காரர்களோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எந்த ஊர், யாரோடு சண்டை, எந்தச் சாமி, ஒன்றையும் யாரிடமும் சொல்லாமல் செத்துப்போனார். இப்படி வாயை இறுக்கி மூடிக்கொண்ட ஒருவருக்கு நான் எப்படிப் பேரனாகப் பிறந்தேன் என்பது வேறு ஆராய்ச்சி. குலதெய்வம் எது என்று யாராவது கேட்டால், சாமி தெரியாதவர்கள் எல்லாரும் சொல்வதுபோல நாங்களும் "மயிலம் முருகன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் பேச்சை மாற்றுவோம்.

தாத்தா எங்களுக்கு விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டில் சுரைக்காய் ஆகாது. சமைக்கக் கூடாது, விதைக்கக் கூடாது, வாசலுக்குள் கொண்டுவரக் கூடாது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் நான் இதற்குப் பல வரலாறுகளை உண்டாக்கி வைத்திருந்தேன். எங்கள் முப்பாட்டன் ஒரு ராஜாவோடு சண்டைக்குப் போனபோது எதிரிகள் சுரைக்காய்களைத் தலைகளென்று காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவற்றில் மிகவும் அடக்கமானது. அக்கா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ராஜாவும் இல்ல, கூஜாவும் இல்ல. எவளோ ஒருத்திக்கு அந்தக் கூட்டு புடிக்கல. நேரா சொன்னா வுடுவாங்களா? சாமி மேல பழிய போட்டா. நல்ல புத்திசாலி."

அக்காவுக்குக் கல்யாணமாகிச் சிவலிங்கம் மாமா வீட்டுக்குப் போனபோது இந்தச் சுரைக்காய் பெரிய விவகாரமானது. மாமாவுக்குச் சுரைக்காய் என்றால் உயிர். அவர் வீட்டில் எல்லாருமே அப்படித்தான். புது மருமகள் போன முதல் வாரமே சுரைக்காய் நறுக்கச் சொன்னதற்கு, அக்கா அரிவாள்மணையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இத நான் தொட மாட்டேங்க. வேற எத்த சொன்னாலும் ஆக்கிப் போடறேன், யானைய வேணும்னாலும் ஆக்கறேன்" என்றாராம். மாமா ரயில்வேயில் சிக்னல் விளக்கு பார்க்கிறவர், சிவப்பைக் கண்டால் நிற்கத் தெரிந்தவர். கொஞ்ச காலம் அவருடைய அண்ணன் வீட்டில் போய்ச் சுரைக்காய்க் கூட்டு சாப்பிட்டுவிட்டு வந்தார். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அக்காவின் ஆராய்ச்சி எப்படி ஆரம்பித்தது என்பதை நானே நேரில் பார்த்தவன். கிராமங்களுக்குப் போய்க் கர்ப்பிணிப் பெண்களிடம் முருங்கைக்கீரை சாப்பிடு, பூசணிக்காய் சாப்பிடு, கேப்பைக் கூழ் குடி என்று சொல்வது அவருடைய வேலை. பெண்கள் தலையை ஆட்டுவார்கள். கடைசியில் ஒருத்தி மட்டும், "பூசணிக்கா எங்க வூட்ல ஆகாதுங்க நர்சம்மா" என்பாள். இன்னொரு ஊரில் இன்னொருத்திக்குப் பாகற்காய் ஆகாது. வேறொருத்திக்கு வளைகாப்பில் கருப்பு வளையல் ஆகாது. முதலில் அக்காவுக்குக் கோபம் வந்தது. பிறகு ஆர்வம் வந்தது. எங்கள் வீட்டுச் சுரைக்காய் அவருக்குள் கொடி விட ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

எந்த ஊரில் எந்த வீட்டில் எது ஆகாது என்று அக்கா மனசுக்குள் சேர்த்துக்கொண்டே போனார். எழுதி வைத்தது கிடையாது. "எழுதினா மறந்துடும்" என்பார். ஒரே மாதிரி 'ஆகாது' உள்ள இரண்டு வீடுகள் வேறு வேறு ஊர்களில் இருந்தால், அநேகமாக அவர்கள் ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்தவர்கள். இதுதான் அவர் கண்டுபிடித்தது. மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கும் திண்டிவனத்தில் ஒரு குடும்பத்துக்கும் கருப்பு வளையல் ஆகாது. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அக்கா இந்த வீட்டில் போய் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல, விசாரித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே குலதெய்வம், ஒரே பாட்டன். இப்போது வருஷா வருஷம் ஒன்றாகப் பொங்கல் வைத்து, ஒன்றாகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பங்காளிகள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பெரிய ஜோசியர்கள்கூட அக்காவைக் கண்டால் எழுந்து நிற்பார்கள் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரே ஒரு ஜோசியர்தான் நின்றார். அவரும் பஸ் வந்ததற்காக எழுந்தார் என்று அண்ணன் சொல்வார்.

எல்லார் வீட்டுக்கும் சொந்தம் கண்டுபிடித்துக் கொடுத்தவருக்குத் தன் பிறந்த வீட்டின் சாமி மட்டும் அகப்படவில்லை. கண்டமங்கலம் பக்கம் சுரைக்காய் ஆகாத வீடு ஒன்றுகூட இல்லை. தாத்தா கிளம்பியபோது வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது.

இப்போது செல்வியின் கல்யாணத்துக்கு வருகிறேன். செல்வி என் அண்ணன் மகள். தட்டச்சுப் பள்ளியில் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பெருமுக்கல் மலைக்கு இந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பாஸ்கர், திண்டிவனத்தில் லைன்மேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் ஃபியூஸ் போய்விட்டது. எங்கள் ஊர் மின்சாரமே மாப்பிள்ளைக்கு வரவேற்பு கொடுத்தது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறி ஃபியூஸ் போட்டான். வெளிச்சம் வந்தபோது செல்வி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைப் பிடிக்கச் சொன்னது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனிமேல் நாங்கள் பெரியவர்கள் பேசுவது வெறும் சம்பிரதாயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பையனின் தகப்பனார் வேணுகோபால் நிதானமான மனிதர். மாட்டை வாங்கினாலும் அதன் தாத்தாவை விசாரிக்கிறவர். "உங்க குலசாமி?" என்று கேட்டார். அண்ணன் வழக்கம்போல மயிலம் முருகன் என்றார். "மயிலத்தான் எல்லாருக்கும் சாமி. உங்களுக்குன்னு ஒண்ணு இருக்கணுமே" என்றார் அவர். அண்ணன் உண்மையைச் சொன்னார். வேணுகோபால் யோசித்துவிட்டு, "எங்களுது பச்சையம்மன். நீங்க விழுப்புரத்து ஆளுங்க, நாங்க பெருமுக்கல் பக்கம். பங்காளியா இருக்க வழி இல்ல. பாத்துக்கலாம்" என்றார். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பையன் அண்ணன் முறை. அதற்கு மேல் கல்யாணப் பேச்சுக்கு இடமில்லை. அவர் கேட்டதில் ஒரு தப்பும் கிடையாது.

பிறகு நாங்கள் வீடு பார்க்கப் பெருமுக்கல் பக்கம் போனோம். அக்கா, அண்ணன், அண்ணி, நான். பலகாரம், காப்பி, எல்லாம் நன்றாக நடந்தது. தாம்பூலம் மாற்றிக்கொள்ள நாள் பார்க்கிற நேரத்தில் வாசலில் ஒரு காய்கறிக்காரி கூடையை இறக்கினாள். மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்து, "கத்திரிக்கா மட்டும் குடு. சுரைக்காவ அந்தாண்ட எடு, எங்க வூட்ல அது ஆகாது" என்றார்.

என் அண்ணன் நல்லவர். வாழ்க்கையில் அவருக்கு ஒற்றுமை என்றால் ரொம்பப் பிடிக்கும். முகமெல்லாம் மலர்ந்து, "அட, எங்க வூட்லயும் ஆகாதுங்க" என்றார்.

அக்கா அண்ணனைப் பார்த்த பார்வையில் ஒரு பனைமரம் பட்டுப்போயிருக்கும். ஆனால் சொன்னது சொன்னதுதான். வேணுகோபால் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சுரைக்காயா?"

"ஆமாங்க" என்றார் அண்ணன். இப்போதுதான் அவர் முகம் மெதுவாக வாட ஆரம்பித்தது.

"வேற யாருக்கும் ஆகாதுன்னு நான் கேள்விப்பட்டதே இல்லியே. இந்தச் சுத்துப்பட்டுல எங்க வூடு ஒண்ணுதான்." அவர் அக்காவைப் பார்த்தார். "நர்சம்மா, நீங்க இதெல்லாம் தெரிஞ்சவங்கன்னு சொல்றாங்க. ஒரே காய் ஆகாதுன்னா என்னா அர்த்தம்?"

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அங்கேயே ஒரு சுரைக்காயைப் பச்சையாகக் கடித்துத் தின்றிருப்பேன். அக்கா, "பங்காளியா இருக்கலாம்னு அர்த்தம்" என்றார்.

"அப்ப இது தெளிவாகற வரைக்கும் தாம்பூலம் வேணாம்" என்றார் வேணுகோபால். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. பாஸ்கர் சுவரில் இருந்த சுவிட்சுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அக்கா வீட்டில் கூடினோம். செல்வி முன்னாடியே வந்து அடுப்படிப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அத்தையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அத்த, அவரு எனக்கு அண்ணன் மொறையா ஆயிட்டாரா?"

"இன்னும் ஆவல. கொஞ்சம் பொறு" என்றார் அக்கா.

"ஆயிட்டாருன்னா நான் வேற யாரையும் பாக்க மாட்டேன். அத இப்பவே சொல்லிடறேன்" என்றாள் செல்வி. ஃபியூஸ் போனபோது ஸ்டூலைப் பிடித்த அதே கைகளால் சேலை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு பிடிவாதம் அக்காவுக்கு அடுத்தபடி இவளுக்குத்தான்.

அண்ணனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தன் வாயால் கெட்டது என்பதை ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் மேல் பாய்வார்கள். "எல்லாம் உன்னாலதான்க்கா. ஊரு பூரா ஆகாது ஆகாதுன்னு பேசிப் பேசி எல்லாருக்கும் அது நெனப்பு வந்துடுச்சி. அந்த ஆளு பாட்டுக்குக் கம்முனு இருந்திருப்பாரு. நீ கட்டிக்கினு போனவ. எங்க வம்சத்துக் கதைய நாங்க பாத்துக்கறோம், நீ வுடு."

அண்ணன் சொன்னது வழக்கத்தில் உள்ளதுதான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டுச் சாமி, புகுந்த வீட்டு வம்சம். ஆனால் தாய் இல்லாத எங்களை வளர்த்தவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"கட்டிக்கினு போனவதான்" என்றார் அக்கா. "வரும்போது எல்லாத்தையும் வுட்டுட்டு வந்தேன், பேரு, சாமி, ஊரு, எல்லாத்தையும். அந்தச் சுரைக்காவ மட்டும் வுடல..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சிவலிங்கம் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். புதிதாக ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏங்க, உங்க அண்ணன் வூட்ல சுரைக்கா திங்கறாங்க இல்ல?"

மாமா பயந்துபோய், "திங்கறாங்க" என்றார்.

"நீங்க ஏன் திங்கறதில்ல?"

"நீ ஆக்கினாதான திங்கறதுக்கு."

அக்கா எழுந்தார். என்னைப் பார்த்து, "டேய், கொடைய எடு. பஸ்ஸுக்கு ஜல்தியா போவணும்" என்றார்.

திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் நான் கேட்ட கேள்விகளுக்கு அக்கா பதில் சொல்லவில்லை. என்னை இப்படி வாயடைத்து உட்காரவைத்த ஒரே பயணம் அது. ஊருக்குள் இறங்கியதும் வேணுகோபால் வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. தெருத் தெருவாகக் கூரைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வெயிலில் நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன், மகாராணி நகர்வலம் வந்தால் மந்திரி போவது போல.

ஒரு கூரை வீட்டின் முன்னால் அக்கா நின்றார். கூரை முழுக்கச் சுரைக்கொடி. வெள்ளைப் பூ. ஆள் உயரத்துக்குக் காய்கள், நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஆள் உயரத்துக்கு. வாசலில் ஒரு அம்மாள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு வூடும்மா?" என்று அக்கா கேட்டார்.

"லைன்மேன் பாஸ்கரு இல்ல? அவங்க பங்காளிங்க நாங்க. எங்க மாமனாரோட அப்பாவும் அவங்க கொள்ளுத்தாத்தாவும் அண்ணன் தம்பி."

"சுரைக்கா உங்களுக்கு ஆகுமா?"

அந்த அம்மாள் சிரித்தார். "ஆகாமலா கூரை மேல ஏத்தியிருக்கோம்? ஒண்ணு அறுத்துத் தர்றேன், கொண்டு போ."

"எனக்கு ஆகாதும்மா. இதோ இவன் தூக்கிக்கினு வருவான்" என்றார் அக்கா என்னைக் காட்டி.

சுரைக்காய் ஆகாத வீட்டில் பிறந்து, சுரைக்காயின் நிழலில்கூட நிற்காமல் வளர்ந்த நான், அந்த ஊரின் நட்டநடுத் தெருவில் பிள்ளையைச் சுமப்பதுபோல ஒரு சுரைக்காயைச் சுமந்துகொண்டு போனேன். நாய்கள்கூட ஒதுங்கி வழிவிட்டன. வேணுகோபால் வீட்டு வாசலில் போய் நின்றதும் மாப்பிள்ளையின் அம்மா, "ஐயோ, அத வெளிய வைங்க, வெளிய வைங்க" என்று பதறினார். வாசலுக்கு வெளியே வைத்தேன். வேணுகோபால் சுரைக்காயையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா உட்காரக்கூட இல்லை. "இது உங்க பங்காளி வூட்டுக் கூரையில காய்ச்சது. அவங்களுக்கு ஆகும். உங்களுக்கு மட்டும் ஏன் ஆகாது?"

ஐம்பது வயதுக்கு மேல் ஆன மனிதர், தன் வாழ்நாளில் ஒருமுறையும் அதை யோசித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "எங்க அம்மா ஆக்க மாட்டாங்க" என்றார் கடைசியில். "அவங்க மாமியாரு வேணாம்னு சொல்லிட்டாங்களாம்."

"அந்த மாமியாரு. உங்க அப்பாவப் பெத்தவங்க. எந்த ஊரு?"

"ஊரு பேரு தெரியல. எல்லாரும் கண்டமங்கலத்தா, கண்டமங்கலத்தான்னுதான் கூப்பிடுவாங்க."

நான் குடையைக் கீழே போட்டுவிட்டேன். அக்காவின் குரல் மட்டும் மாறவில்லை. பிரசவ நேரத்தில் அவர் குரல் அப்படித்தான் இருக்கும் என்று பெண்கள் சொல்வார்கள். "அவங்களுக்குக் கூடப் பொறந்தவங்க இருந்தாங்களா?"

"ஒரு அண்ணன் இருந்தாராம். இவங்க சீமந்தத்துக்கு அவரு வரலன்னு சண்ட. அப்பறம் போக்குவரத்தே இல்ல. ஆனா எங்க சித்தப்பா பொறந்தப்ப அண்ணன் பேரதான் வைக்கணும்னு அழுதாங்களாம். அதான் சித்தப்பாவுக்குத் துலுக்காணம்னு பேரு."

பெரிய கண்டுபிடிப்புகள் நடக்கும்போது இடி இடிக்கும், மின்னல் அடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே ஒரு கோழி மட்டும் சுரைக்காயைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

"துலுக்காணம் எங்க தாத்தா" என்றார் அக்கா. "உங்க பாட்டி எங்க தாத்தாவோட தங்கச்சி. நாம பங்காளி இல்ல. மாமன் மச்சான். சுரைக்கா உங்க வம்சத்துல இருந்து வரல. எங்க வூட்ல இருந்து ஒரு பொண்ணு கட்டிக்கினு வந்தா. அவகூட வந்தது. உங்க வூட்டு ஆம்பளைங்க யாரும் அத கொண்டாரல, அதனாலதான் உங்க பங்காளிங்களுக்கு அது தெரியல."

வேணுகோபால் வாசலுக்குப் போய்ச் சுரைக்காயை எடுத்து, அன்றைக்குக் காய்கறிக்காரி போன திசையில் தெருவோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். கையைக் கழுவிக்கொண்டு, "அப்ப எனக்கு மாமன் வூட்டுப் பொண்ணுதான் மருமவளா வர்றா" என்றார். உள்ளே பாஸ்கர் சுவிட்சைப் போட்டான். பட்டப்பகலில் எதற்கு விளக்குப் போட்டான் என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னபோது அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காதான் பேச்சை எடுத்தார். "எல்லா வூட்லயும் ஆம்பள வழியிலயே தேடிக்கினு இருந்தேன்டா. ஆகாதுங்கறது எங்க இருக்குது? சமையக்கட்டுல. சமையக்கட்டுக்கு யாரு வர்றா? வெளிய இருந்து கட்டிக்கினு வர்றவ. இத்தன வருசம் இது எனக்குத் தோணல பாரு. நானே அப்படி வந்தவதானே." தன் தவறைச் சொல்லும்போதும் ஏதோ பதக்கம் வாங்கியவர் மாதிரிதான் சொன்னார். அவர் பாணி அது.

செல்வியின் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்தில் வந்த கூட்டத்தைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் பத்திரிகைக்காரர்கள் காகிதத்துக்குக் கஷ்டப்படுவார்கள். செல்வியின் மாமியாருக்கும் அவளுக்கும் எதில் ஒத்துப்போகாவிட்டாலும் ஒன்றில் ஒத்துப்போயிற்று. சுரைக்காயைப் பற்றி யாரும் யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா தன் பழைய தேடல்களையெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை மருமகள்களைக் கேட்டார். யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எதை விடாமல் கொண்டுவந்தார்கள் என்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் பேச ஆரம்பித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்விடுவார். எங்கள் குலதெய்வம் எது என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை. ஒருநாள் நான் அதைக் குத்திக்காட்டியபோது, "கெடச்சா கும்புடலாம். கெடைக்கலன்னா இன்னா இப்ப? அந்தச் சாமிக்கும் நம்மள தெரியாமத்தான் இருக்குது. அதுவும் தேடட்டும்" என்றார்.

அக்காவின் இறுதிச் சடங்குக்குப் பிறந்த வீட்டுக் கோடியை நானும் அண்ணனும் எடுத்துக்கொண்டு போனோம். அந்தச் சேலை வராமல் பெண்ணை எடுக்க மாட்டார்கள். புகுந்த வீட்டுக்காரர்கள் வாசலில் காத்திருந்தார்கள். கட்டிக்கொடுத்தவள் போய்விட்டவள் என்று சொன்ன அண்ணன், சேலையை அக்காவின் மேல் போர்த்தும்போது, "நீ எங்க வூட்டுப் பொண்ணுதான்க்கா" என்றார். இதை அக்கா கேட்டிருந்தால், "இப்ப வந்து சொல்றான் பாரு" என்றிருப்பார்.

கருமாதியன்று சமையலுக்கு வெளியிலிருந்து ஆள் வைத்திருந்தோம். காய்கறி மூட்டையை அவர் முற்றத்தில் கொட்டியபோது கத்திரிக்காய், வாழைக்காய், பரங்கிக்காய் நடுவே பச்சைப் பசேலென்று ஒரு சுரைக்காய் உருண்டு வந்தது. அவருக்கு எங்கள் கதை தெரியாது. நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் சிவலிங்கம் மாமாவின் அண்ணன் என்னிடம், மச்சான் முறையில் கொஞ்சம் கேலியாக, ஆனால் அன்போடுதான் சொன்னார்: "வுடுய்யா, இருக்கட்டும். பாவம், என் தம்பி எத்தினி காலமா வாயக் கட்டிக்கினு கெடக்கறான். இனிமேனாச்சும் நல்லா சாப்புடட்டும்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். கல்யாணமான புதிது வரைக்கும் சுரைக்காய் என்றால் உயிரை விட்ட மனிதர். அவர் வீட்டில், அவர் பாட்டன், முப்பாட்டன், ஒருவருக்கும் அது விலக்கு கிடையாது. தடுக்க வேண்டியவர் படமாகிச் சுவரில் மாலையோடு இருக்கிறார்.

மாமா மெதுவாக எழுந்தார். சுரைக்காயை எடுத்துச் சமையல்காரர் கையில் கொடுத்தார்.

"இத்த வெளிய வச்சிடுப்பா. எங்க வூட்ல ஆகாது" என்றார்.

அக்கா, போய் வாருங்கள். நீங்கள் போகிற இடத்தில் தாத்தா துலுக்காணம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்திலேயே கண்டமங்கலத்தாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார். இரண்டு பேரையும் பேசவைத்துவிடுங்கள். சீமந்தத்துக்கு ஏன் போகவில்லை என்று தாத்தாவைக் கேளுங்கள். முடிந்தால் சாமி பெயரையும். அங்கே யாராவது சுரைக்காய்க் கூட்டு பரிமாறினால் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.